நட்டவர் வரட்டும்

1969ஆம் வருஷம் ராயபுரத்தில் சொந்தமாக கோல்ஃப் மட்டை வைத்திருந்த ஒரே குமாஸ்தா லூயிஸ்தான். மூர் மார்க்கெட்டில் ஒரு ஊமை கிராமபோனுக்கும் உடைந்த தூண்டில் கோலுக்கும் நடுவே கிடந்த தோல் பையை, உள்ளே இருந்த ஏழு மட்டைகளோடு, வாரி அணைத்துக்கொண்டு வந்திருந்தார். மட்டைகள் இடதுகைக்காரருக்காகச் செய்தவை என்பது மொட்டைமாடியில் நாலு நாள் வீசிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கடைக்காரனிடம் திரும்பிப் போவது கௌரவக் குறைச்சல். ஆகவே லூயிஸ் இடதுகைக்காரர் ஆகிவிட்டார்.

"நாப்பத்தஞ்சு வயசுல கை மாறிக்கினு கீறாரு," என்று அவர் மனைவி ஐரீன் பக்கத்து வீட்டுக்குச் செய்தி சொன்னாள். "நாளைக்கு சோத்தயும் அந்தக் கையாலயே துன்னப் போறாரு, பாரேன்."

இத்தனைக்கும் லூயிஸுக்கு கோல்ஃப் மேல் ஆசை எதுவும் இல்லை. அவருக்கு ஆசையெல்லாம் ஒரு நாற்காலி மேல். அவர் வேலை பார்த்த கப்பல் ஏஜென்சியில் மேனேஜர் நாற்காலி நாலு மாதமாகக் காலி. பிரம்பு பின்னிய முதுகு, கை வைக்க இடம், சுற்றினால் சுற்றும். இருபத்திரண்டு வருஷமாக முதுகு இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து முதுகே வில்லாகிவிட்ட லூயிஸ், தினமும் யாரும் பார்க்காதபோது அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போவார்.

அந்த நாற்காலியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் முதலாளி தாமோதரன். துறைமுகத்தில் தாமோதரன் பேரைச் சொன்னால் கிரேன் தாழும். ஆனால் எண்ணூர் கோல்ஃப் கிளப்பின் கேட் மட்டும் அவருக்கு உயரவில்லை. கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவில், சவுக்குத் தோப்பை ஒட்டி, வெள்ளைக்காரர்கள் ஒன்பது குழி வெட்டி, சுற்றி வேலி போட்டு, 'அந்நியர் நுழையக் கூடாது' என்று பலகை மாட்டிய இடம் அது. நாட்டைவிட்டுப் போகும்போது, நாட்டை யார் கையில் கொடுக்கிறோம் என்பதைவிட இந்த ஒன்பது குழியை யார் கையில் கொடுக்கிறோம் என்றுதான் அவர்கள் அதிகம் கவலைப்பட்டதாகக் கேள்வி.

தாமோதரன் மெம்பராக இரண்டு முறை மனுப் போட்டார். முதல் முறை, பேட்டிக்குப் போன இடத்தில் காபியை டபராவில் ஊற்றி ஆற்றினார் என்று நிராகரித்தார்கள். (கிளப்பில் டபரா ஏது என்றால், அவரே கொண்டு போயிருந்தார்.) இரண்டாம் முறை, முதல் முறை நிராகரிக்கப்பட்டவர் என்ற காரணத்துக்காக நிராகரித்தார்கள். மூன்றாம் மனுவுக்கு விதியில் இடமில்லை. ஆனால் மெம்பர் ஒருவரின் விருந்தாளியாக யாரும் உள்ளே போகலாம். தாமோதரன் ஒன்பது வருஷம் யோசித்துவிட்டு லூயிஸைக் கூப்பிட்டார்.

"நீ மெம்பர் ஆயிடு, லூயிஸ். என்னை விருந்தாளியா அந்த கேட்டுக்குள்ள கூட்டிட்டுப் போ. மறுநாள் அந்த நாற்காலியில உக்காந்துக்கோ."

மெம்பர் ஆகும் வழி சுலபம். கிளப் கேப்டனோடு ஒரு ஆட்டம் ஆட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அவருக்கு மனசிருந்தால் மனுவில் கையெழுத்துப் போடுவார். போட்டால் கமிட்டி மறுபேச்சுப் பேசாது. கேப்டனிடம் தோற்க வேண்டும் என்பது எழுதாத விதி. அந்த விதியை மீறும் அபாயம் லூயிஸிடம் துளியும் இல்லை.

கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி. பை தூக்க ஆளை விருந்தாளியே அழைத்து வரவும்.

ஐரீனின் தம்பி சிலுவைமுத்து மாட்டினான். பெரம்பூர் ரயில் பெட்டிப் பட்டறையில் ஃபிட்டர். பதினேழு வருஷமாகப் பெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தே சம்பாதித்தவன். பெட்டிக்கு மேல் நடப்பது எதுவும் அவனை அவ்வளவாக அசைத்ததில்லை.

"அங்க நீ வாயத் தொறக்கக் கூடாது, மச்சான்," என்றார் லூயிஸ்.

"சரி மாமா. பீடி?"

"கூடாது."

"நீ அடிக்கசொல்ல சிரிக்கலாமா?"

"கூடவே கூடாது."

"பேஜாரா கீதே. அக்கா, சாப்பாடாவது கட்டிக் குடு. அதுக்குத் தொறக்கலாமில்ல வாய?"

ஐரீன் சுறாப்புட்டும் நெத்திலி வறுவலும் சோறுமாக மூன்றடுக்குத் தூக்கில் அடைத்துக் கொடுத்தாள். கிளப்புக்குள் வெளிச் சாப்பாடு கூடாது என்று லூயிஸ் மன்றாடினார். அவள் தூக்கை கோல்ஃப் பைக்குள் இறக்கி, மேலே அவருடைய துண்டைப் போட்டு மூடினாள். "கேட்டா, அதுவும் ஒரு மட்டைன்னு சொல்லு."

முதல் பூசை முடிந்து, எண்ணூர் பாசஞ்சரில் ஏறி, கிளப் வாசலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி ஏழே முக்கால். லூயிஸ் முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டிருந்தார். சிலுவைமுத்து பட்டறைக் காக்கியில் இருந்தான். காவல்காரர் சிலுவைக்கு சலாம் வைத்தார். காக்கியைப் பார்த்துக் கை தானாக எழும்பிவிட்டது போலிருக்கிறது. லூயிஸை நிறுத்திக் கடிதம் கேட்டார்.

கேப்டன் கிருஷ்ணப்பன் மாமரத்தடியில் நின்றிருந்தார். கப்பலிலும் பட்டாளத்திலும் அவர் கேப்டனாக இருந்ததில்லை. இந்த ஒன்பது குழிக்குத்தான் கேப்டன். ஆனால் ஒன்பது போர்க்கப்பல்களை நங்கூரத்தில் நிறுத்தி வைத்துவிட்டு வந்தவரைப்போல் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். ரிடையராகி ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்தில் அவர் சொல்லை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வீட்டில் சமையல்காரியே, "அப்புறம் பாக்கலாம் சார்," என்று சொல்லிப் பழகிவிட்டாள். அன்றைக்கு கிளப்பிலும் அதே கதி. கடலில் காணாங்கெளுத்தி வந்து குவிந்திருந்தது. வழக்கமாகப் பை தூக்கும் குப்பத்து ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கட்டுமரம் ஏறிப் போய்விட்டார்கள்.

"மீனுக்காக கோல்ஃபை விட்டுட்டுப் போயிட்டானுங்க," என்றார் கேப்டன், உலகம் முடிந்துவிட்ட குரலில்.

"ஷேம் சார்," என்றார் லூயிஸ்.

"காணாங்கெளுத்தியா!" என்ற சிலுவை, வாயைத் திறக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான். கேப்டனுடைய பையும் அவன் இன்னொரு தோளில் ஏறியது.

ஆட்டம் ஆரம்பமானது. கேப்டன் அடித்த பந்து, பென்ஷன் வாங்கப் போகிறவரைப்போல், அவசரமில்லாமல் நேராகப் போயிற்று. லூயிஸ் இடது பக்கமாகத் திரும்பி நின்றார், கண்ணை மூடிக்கொண்டார், வீசினார். பந்து சவுக்குத் தோப்புக்குள் பாய்ந்து மூன்று மரங்களில் முட்டி, அவர் அடித்த இடத்துக்கும் பின்னால் வந்து விழுந்தது.

"நல்ல முயற்சி," என்றார் கேப்டன். மனசு குளிர்ந்திருந்தது.

முதல் குழிக்குப் பக்கத்தில் பந்தைக் கொண்டு வர கேப்டனுக்கு நாலு அடி ஆயிற்று, லூயிஸுக்குப் பதினாலு. குழியைச் சுற்றியிருந்த வட்டத்துக்கு 'கிரீன்' என்று பெயர். நிறம் பழுப்பு. புல் முளைக்காத உப்பு மண் என்பதால் வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்தே மணலில் எண்ணெய் கலந்து தட்டி வைத்திருந்தார்கள்; அதைப் பழுப்பு என்று சொன்னவர் யாரும் மெம்பராக நீடித்ததில்லை. நடுவில் குழி. குழிக்குள் ஒரு கழி. கழியின் தலையில் சிவப்புக் கொடி.

கேப்டனின் பந்துக்கும் குழிக்கும் நடுவே ஆறடி. அவர் குனிந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், எழுந்து காற்றை முகர்ந்தார். பிறகு சிலுவையைப் பார்த்து, "கொடியை எடு," என்றார்.

சிலுவை இரண்டு பைகளையும் இறக்கினான். கொடியைப் பார்த்தான். குனிந்து, குழிக்குள்ளும் ஒரு தரம் எட்டிப் பார்த்தான்.

"இத்த யாரு நட்டது சார்?"

"யார் நட்டா என்னப்பா? எடு."

"இன்னா சார் இப்புடிக் கேட்டுட்டீங்க. சேப்புக் கொடி. நட்டவருதான் புடுங்கணும். அவரு எங்க கீறாரு?"

லூயிஸின் கண்முன்னே அந்த மேனேஜர் நாற்காலி தானாக ஒரு சுற்றுச் சுற்றியது. "டேய் மச்சான், இது ரயில் இல்லடா. விளையாட்டு. கொடி குழிக்குள்ள இருக்கும்போது பந்து அதுல பட்டா சாருக்கு ரெண்டு அடி அபராதம். எடுடா!"

"மாமா, நீ இதுல வராத. நான் பெட்டிக்கு அடியில பட்த்துகினு கீறேன், மேல டன் கணக்குல கீது. நான் உசுரோட வூட்டுக்குப் போறன்னா, எல்லாம் தண்டவாளத்துல நட்ட கொடியாலதான். போறவன் வரவன்லாம், 'இன்னா இது'ன்னு புடுங்கிட்டா? அடியில எவன் கீறான்னு மேல நிக்கறவனுக்கு இன்னா தெரியும்?"

"இதுக்கு அடியில யாருடா இருக்கா? நண்டுதான் இருக்கும்!"

"நண்டுன்னா உசுரு இல்லியா?"

லூயிஸ் பொறுமை இழந்தார். இரண்டு கையாலும் கழியைப் பிடித்து இழுக்கப் போனார். சிலுவை அந்தக் கையில் ஓங்கி ஒன்று வைத்தான். அக்காள் புருஷன் என்ற மரியாதையில் பாதி வேகம்தான். ஆனாலும் மட்டை பிடித்துப் பழகிய அந்த இடதுகை மரத்துப்போயிற்று.

கேப்டன் நிமிர்ந்தார். கைகள் பின்னால் போயின. "உனக்கு நான் யார் தெரியுமா? இந்த கிளப்போட கேப்டன். அதுக்கு முன்னாடி பெரம்பூர் பட்டறையில ஒர்க்ஸ் மேனேஜர். தி. கிருஷ்ணப்பன்!"

சிலுவை இரண்டடி பின்னால் போனான். வாய் பிளந்தது.

"தி. கிருஷ்ணப்பனா? நீங்களா சார் அது?"

"எது?"

"போர்டு சார்! எங்க ஷாப் வாசல்ல தொங்கிகினு கீதே, நீலக் கலர் போர்டு! பதினேழு வருசமா தெனம் ரெண்டு வாட்டி படிச்சுகினு கீறேன்! மொகத்ததான் பாத்ததில்ல, பெட்டிக்கு அடியிலேர்ந்து பாத்தா பூட்ஸு மட்டுந்தான் தெரியும்!"

கால்களைச் சேர்த்து நின்று, அவன் வாயிலிருந்து அதுவரை யாரும் கேட்டிராத தமிழில் ஒப்பித்தான்: "நடப்பட்ட சிவப்புக் கொடியை, அதனை நட்டவரன்றிப் பிறர் எவரும், எக்காரணம் கொண்டும், எவ்வதிகாரியின் ஆணையின் பேரிலும் அகற்றலாகாது. இவ்விதிக்கு விலக்கில்லை. ஒப்பம், தி. கிருஷ்ணப்பன், ஒர்க்ஸ் மேனேஜர்."

கடல் காற்றில் கொடி படபடத்தது. கேப்டனின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு மெதுவாக, தண்ணீர் ஊற்றிய செடியைப்போல், மலர ஆரம்பித்தது.

"'விலக்கில்லை'ன்னு நான்தான் சேர்த்தேன்," என்றார் மெல்ல. "வேண்டாம்னாங்க. நான்தான் பிடிவாதமா சேர்த்தேன்."

"அதான் சார் கரீட்டு."

"இன்னும் தொங்குதா?"

"போன பொங்கலுக்குப் பெயின்டு அட்ச்சாங்க சார்."

ஆறு வருஷத்துக்குப் பிறகு கேப்டனுக்கு ஓர் ஆணை பிறப்பிக்க வாய்த்திருந்தது. "கொடியை நட்டவர் தோட்ட மாலி சௌக்கத் அலி. காலையில நட்டுட்டு எர்ணாவூர் வீட்டுக்குப் போயிருக்கார். அவரைக் கூட்டி வரணும். நான் பந்தை விட்டு நகர முடியாது. இவர் கொடிக்குக் காவல்." பார்வை திரும்பியது. "மிஸ்டர் லூயிஸ், காவல்காரர்கிட்ட சைக்கிள் இருக்கு."

வெள்ளைக் காலுறையும், அடியில் ஆணி அடித்த பூட்ஸுமாக லூயிஸ் எர்ணாவூர் வரை மிதித்தார். பூட்ஸ் ஆணி பெடலில் மாட்டிக்கொண்டதால் இறங்க முடியவில்லை. சௌக்கத் அலி வீட்டுச் சுவரில் மோதித்தான் நின்றார்.

உள்ளே சௌக்கத் அலி ஆப்பத்தைப் பாயாவில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"கொடியப் புடுங்கறதுக்கா?" என்றார் அவர், ஆப்பம் பாதி வழியில் நிற்க. "பத்து வருசமா நடறேன். வந்தவன் போனவன்லாம் புடுங்கிப் போட்டான். ஒருத்தனும் என்னிய ஒரு வார்த்த கேட்டதில்ல."

"இப்ப கேக்கறாங்க பாய். சீக்கிரம் வாங்க."

"இன்னாய்யா யோசிச்சுகினு கீற?" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி ரஹீமுன்னிசா குரல் கொடுத்தாள். "தொரமாரு வூடு தேடி ஆள் அனுப்பிகீறாங்க. இந்தக் கலீஜ் லுங்கியோடவா போவ? பெருநா சட்டைய எட்த்துப் போடு."

சௌக்கத் அலி ஆப்பத்தை முடித்தார். இன்னும் இரண்டு சாப்பிட்டார். பெருநாள் சட்டை போட்டார், தொப்பி வைத்தார், காதுமடலில் அத்தர் தடவினார். சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்து, "மெதுவா மிதி சார், சட்ட கசங்கிறப் போவுது," என்றார்.

லூயிஸ் வேர்த்து ஊற்றி கிளப்புக்குத் திரும்பியபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கிரீனின் ஓரத்தில் கேப்டன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஐரீனின் மூன்றடுக்குத் தூக்கு பிரித்துக் கிடந்தது. கேப்டனின் விரல்களில் சுறாப்புட்டு ஒட்டியிருந்தது.

"வாங்க மாமா," என்றான் சிலுவை. "நெத்திலி தீந்துபோச்சு."

"மிஸ்டர் லூயிஸ், உங்க வீட்டம்மாவுக்கு என் வாழ்த்து," என்றார் கேப்டன், வாய் நிறைய.

வெளிச் சாப்பாடு கூடாது என்ற பலகை, இருபதடி தள்ளி, அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

சௌக்கத் அலி முன்னே வந்தார். சிலுவை நிமிர்ந்து நின்று, "நட்டவரு வந்துட்டாரு!" என்று பட்டறைக் குரலில் கத்தினான். கேப்டன் எழுந்து அட்டென்ஷனில் நின்றார். சௌக்கத் அலி இரண்டு கையாலும் கொடியை உருவி, தோளில் சாத்திக்கொண்டு, வட்டத்தை ஒரு சுற்று நடந்து வெளியேறினார். இப்படியொரு மரியாதையோடு அந்த மைதானத்தில் வெள்ளைக்காரன் கொடிகூட இறங்கியிருக்காது.

கேப்டன் ஆறடியைத் தட்டினார். பந்து குழிக்குள் போயிற்றா என்று கேட்கிறீர்களா? இல்லை. அன்றைக்கு அங்கே யாரும் அதைக் கேட்கவில்லை.

"அடுத்த குழிக்கு, சார்?" என்றார் லூயிஸ் தயக்கமாக.

"போதும். இதுக்கு மேல ஒரு ஆட்டம் உண்டா? மனுவைக் கொடுங்க."

லூயிஸ் சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினார். கேப்டன் பேனாவைத் திறந்தார். மேலே எழுதியிருந்த பெயரைப் படித்தார். நிதானமாக அதன் மேல் ஒரு கோடு போட்டார்.

"மிஸ்டர் லூயிஸ், நட்ட கொடியில கை வைக்கிற ஆளை நான் மெம்பராக்க முடியாது. விலக்கில்லை." கோட்டுக்கு மேல் எழுதினார். "சி-லு-வை-முத்து. சரியா? ஆயுள் கௌரவ மெம்பர்." கீழே, நீலப் பலகையில் இருந்த அதே சுழிப்போடு, கையெழுத்துப் போட்டு, தாளைச் சிலுவையிடம் நீட்டினார்.

எண்ணூர் ஸ்டேஷன் வரை பையை லூயிஸே தூக்கிக்கொண்டு வந்தார். மெம்பர் கையில் பை கொடுப்பது முறையில்லை அல்லவா.

"மாமா, கோவமா?"

லூயிஸ் பையை மற்ற தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"நானா கேட்டன்? எனக்கு இன்னாத்துக்கு மாமா கோல்ஃபு? வேணும்னா சொல்லு, இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிக்காத," என்றார் லூயிஸ் அவசரமாக. அவருக்குள் ஏதோ ஒன்று மெதுவாகச் சுற்ற ஆரம்பித்திருந்தது. "மெம்பர் எத்தன விருந்தாளி கூட்டிட்டு வரலாம்னு அதுல போட்டிருக்கா, பாரு."

"நாலு."

திங்கட்கிழமை தாமோதரன், "கையெழுத்து கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"கிடைச்சுது சார். ஆள்தான் மாறிப்போச்சு." லூயிஸ் முழுக் கதையையும் சொன்னார்.

தாமோதரன் காபியை டபராவில் ஊற்றி ஆற்றினார். "அந்தப் பிள்ளை உன் மச்சான்தானே?"

"கூடப் பொறந்தவதான் சார் என் சம்சாரம்."

"நீ சொன்னா கேப்பானா?"

"நான் சொன்னா கேக்க மாட்டான் சார். அவ சொன்னா கேப்பான்."

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கு, காவல்காரர் சிலுவைமுத்துவுக்கு சலாம் வைத்தார். இந்த முறை காக்கிக்கு அல்ல, மெம்பருக்கு. பின்னால் தாமோதரன் புதுத் தொப்பியும் புதுப் பூட்ஸுமாக வந்தார். கோட்டுப் பையில் டபரா துருத்திக்கொண்டிருந்தது. கேட்டைத் தாண்டி ஒரு காலை வைத்தார். மற்ற காலையும் வைத்தார். இரண்டும் உள்ளேதான் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"லூயிஸ், நாளைக்கு அந்த நாற்காலியில உக்காருய்யா."

லூயிஸ் பைக்குள் இருந்த தூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கேப்டனுக்காக ஐரீன் நெத்திலியை இரண்டு பங்காக வறுத்திருந்தாள்.

தாமோதரன் இருபத்தாறு அடியில் முதல் கிரீனுக்கு வந்து சேர்ந்தார். பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. குழியில் கொடி. குழிக்குப் பக்கத்தில் புத்தம் புதிய நீலப் பலகை, கேப்டனின் சுழித்த கையெழுத்தோடு. தாமோதரன் கொடியை நோக்கிக் கை நீட்டினார்.

"சார்!" என்றான் மெம்பர் சிலுவைமுத்து. "நட்டவரு வரட்டும்."

"அவர் எங்கே?"

"எர்ணாவூரு. பாயா துன்னுகினு இருப்பாரு. யாராவது போயி இட்டுகினு வரணும். மாமா போவ மாட்டாரு, மேனேஜரு. பலக சொல்லுது பாருங்க, கடைசி வரில: விருந்தாளி போகவும்."

தாமோதரன் பலகையைப் படித்தார். கேப்டனைப் பார்த்தார். கேப்டன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விலக்கில்லை என்பதைப்போல் கடலைப் பார்த்தார்.

கப்பல் ஏஜெண்டு தாமோதரன் காவல்காரரின் சைக்கிளில் ஏறினார். ஒன்பது வருஷம் காத்திருந்து நுழைந்த கேட்டை, உள்ளே வந்து அரை மணிகூட ஆகாமல், மணியடித்துக்கொண்டே தாண்டி வெளியே போனார். பெடலில் பூட்ஸ் ஆணி மாட்டிக்கொள்ளும் என்பதைச் சொல்ல லூயிஸ் வாயெடுத்தார். பிறகு, மேனேஜர் என்ற முறையில், சும்மா இருந்துவிட்டார்.